சோவா பார்த்த ரிப்பேர்

ஒபொடாய்: கையை எடுங்க... ஐயய்யோ, எடுக்காதீங்க! அப்படியே பொத்திப் பிடிங்க!

அட்ஜெலே: எடுக்கவா, பிடிக்கவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சம்பந்தி, மூஞ்சியெல்லாம் தண்ணி!

ஒபொடாய்: பிடிங்க, பிடிங்க. மெயின் வால்வு எங்க இருக்கு?

அட்ஜெலே: கோழிக்கூண்டுக்குக் கீழ.

ஒபொடாய்: வால்வுமேல கூண்டா? எந்தப் புண்ணியவான் வச்சது?

அட்ஜெலே: வேற யாரு... என் வீட்டுக்காரர்தான்.

ஒபொடாய்: சோவாவா! நினைச்சேன்... ஏய், தள்ளு! ஏய்! கொத்துது சம்பந்தியம்மா!

அட்ஜெலே: வெள்ளைக்கோழிதானே? அது ஆம்பளைங்களைக் கண்டா கொத்தும்.

ஒபொடாய்: சோவாவையும் கொத்துமா?

அட்ஜெலே: ...அவர் பழகின ஆளு.

ஒபொடாய்: மூடிட்டேன். இப்ப எடுங்க கையை.

அட்ஜெலே: இன்னும் சொட்டுதே!

ஒபொடாய்: மேல டேங்க்ல மிச்சம் இருக்கிற தண்ணி. வடியட்டும். அந்த வாளியைத் தள்ளி வைங்க. சரி, நம்ம சோவா என்ன கைவரிசை காட்டியிருக்கார்னு பார்ப்போம்... இது என்ன, சைக்கிள் டியூபா?

அட்ஜெலே: லேசா ஒழுகுச்சு. அதான்...

ஒபொடாய்: லேசா ஒழுகினதுக்கு இவ்வளவா? பாம்பு சுத்தின மாதிரி சுத்தி வச்சிருக்கார். இந்த அக்ராவுல சைக்கிளெல்லாம் எதை வச்சு ஓடுதுன்னே தெரியல. டியூபு பூரா குழாய்மேலதான் கிடக்கு!

அட்ஜெலே: மெதுவாப் பேசுங்க.

ஒபொடாய்: எப்படி மெதுவாப் பேசறது? ஒழுகறப்ப ஒருத்தரும் என்னைக் கூப்பிடறதில்ல. மூழ்கறப்பதான் கூப்பிடறீங்க. போன வாரம் லபாடியில ஒருத்தர். டேங்க்ல மிதவை உடைஞ்சு போச்சாம். அதுக்குப் பதிலா காலி எண்ணெய் பாட்டிலைக் கட்டித் தொங்க விட்டிருக்கார். கேட்டா, "நல்லாத்தானே இருந்துச்சு"ங்கறார். அவர் வீட்டுச் சுவரே ஊறிப்போய் பக்கத்து வீட்டுல சாய்ஞ்சு நிக்குது!

அட்ஜெலே: சம்பந்தி, உங்க கால்ல விழறேன். கத்தாதீங்க. பக்கத்து வாசல்ல டெடே நிக்கிறா.

ஒபொடாய்: உங்க நாத்தனாரா? நின்னா நிக்கட்டும். அவங்க வீட்டுக் குழாயும் இப்படித்தான் இருக்கும்.

அட்ஜெலே: உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கு விடியக்காலம் பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம். பொம்பளைப் பிள்ளை. யார் தூக்கி வெளிய கொண்டு வர்றதுன்னு சாயங்காலம் ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து பேசப் போறாங்க. டெடேயா, நானான்னு. இந்த நேரம் பார்த்து "அட்ஜெலே வீடு ஒழுகுது"ன்னு அவ காதுல விழணுமா?

ஒபொடாய்: விழாது, விழாது. டியூபைப் பிடிங்க.

அட்ஜெலே: என் முதல் பேத்தி சம்பந்தி. அவளை நான் தூக்கணும். வேற எதுவும் கேக்கல நான்.

ஒபொடாய்: தூக்கறவங்க குணம்தான் பிள்ளைக்கு வரும்னுதானே அவ்வளவு யோசிக்கிறாங்க. நல்லவேளை, பொம்பளைப் பிள்ளையாப் பொறந்துச்சு. பையனாப் பொறந்து சோவா தூக்கியிருந்தா... பள்ளிக்கூடத்துக்கே இடுப்புல டியூபைச் சுத்திக்கிட்டுப் போயிருப்பான்.

அட்ஜெலே: அவரைச் சொன்னது போதும்.

ஒபொடாய்: இன்னும் ஆரம்பிக்கவே இல்ல... இது என்ன? மஞ்சளா, கொழகொழன்னு... சோப்பா?

அட்ஜெலே: ஓட்டையில அடைச்சா நிக்கும்னு... அவர் சொன்னார்.

ஒபொடாய்: துணி சோப்பு! சம்பந்தியம்மா, நாளைக்கு இந்தத் தண்ணியைத்தானே கூரைமேல ஊத்துவீங்க? கூரையிலேருந்து மழை மாதிரி பிள்ளைமேல சொட்டணும், இதுதாண்டா கண்ணு மழைன்னு காட்டணும். என் அக்கா மக கோஷியோட பிள்ளை இந்த உலகத்துல பார்க்கிற முதல் மழை நுரையோட வரணுமா?

அட்ஜெலே: ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்ல.

ஒபொடாய்: நீங்க ஏன் யோசிக்கணும்? பண்ணினவருல்ல யோசிச்சிருக்கணும். கூப்பிடுங்க அவரை. இந்தப் பைப்பைத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்.

அட்ஜெலே: வெளிய போயிருக்கார்.

ஒபொடாய்: எங்க?

அட்ஜெலே: கடற்கரைக்கு. நாளைக்கு விருந்துக்கு மீன் சொல்ல.

ஒபொடாய்: இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நம்ம ஊர் வழக்கப்படி ஒரு படகும் கடலுக்குப் போகாது.

அட்ஜெலே: ...அதான், நாளைக்குச் சொல்லி வைக்க. பைப்பை நான் பிடிக்கிறேன், நீங்க வேலையைப் பாருங்க.

ஒபொடாய்: கொஞ்சம் தூக்குங்க... அப்படித்தான். கையைக் காட்டுங்க. அது என்ன காயம்?

அட்ஜெலே: கெங்கே பானை சுட்டுருச்சு.

ஒபொடாய்: முப்பது வருஷமா சோள மாவை மடல்ல கட்டி, கெங்கே அவிச்சு விக்கிறீங்க. இப்பத்தான் சுடுதா?

அட்ஜெலே: சுடறதுக்கு நாள் நட்சத்திரமா பார்க்கும்? வேலையைப் பாருங்கன்னா...

ஒபொடாய்: பார்க்கிறேன், பார்க்கிறேன். அடக் கடவுளே! இங்க பாருங்க! பைப்பைக் கரியடுப்புல காட்டி, இளக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ணைச் சொருகியிருக்கார்! ஓரமெல்லாம் கருகி நிக்குது. இதுக்குன்னு கடையில கப்ளிங் விக்கிறானே, அது என்ன தங்கமா?

அட்ஜெலே: கப்ளிங்குன்னா என்னன்னே... அவருக்குத் தெரியல.

ஒபொடாய்: அதுவும் கோணல்மாணலா!

அட்ஜெலே: வேகமாச் சொருகணும் சம்பந்தி. கொஞ்சம் அசந்தா இறுகிடும். கையும் சுட்டுரும், நேராவும் பிடிக்க முடியாது...

ஒபொடாய்: ஓ.

அட்ஜெலே: ...அப்படின்னு அவர் சொன்னார்.

ஒபொடாய்: நிறையப் பேசறார் போல, சோவா. எனக்குத் தெரிஞ்சு அவர் வாயைத் திறக்கவே மாட்டார். ரம்பத்தை எடுங்க. பின்னால இருக்கு பாருங்க. இந்தத் துண்டை அறுத்துத் தூக்கிப் போட்டாத்தான் ஆகும்... இந்த முனையில என்ன சுத்தியிருக்கு? நார் மாதிரி...

அட்ஜெலே: எது?

ஒபொடாய்: மரையில. திருகற இடத்துல. வெள்ளை டேப்பைச் சுத்துவோம். பழைய ஆளுங்க சணலைச் சுத்துவாங்க. இது ரெண்டும் இல்ல... சோள மடல்! சம்பந்தியம்மா, இது சோள மடல்!

அட்ஜெலே: ஊறவச்சுச் சுத்தினா உப்பிக்கிட்டு நல்லாப் பிடிக்கும்ல? பானைக்குள்ள அவ்வளவு கொதிக்குது, ஒரு மடல் பிரிஞ்சு பார்த்திருக்கீங்களா?

ஒபொடாய்: கெங்கே பிரியாது. குழாய் பிரியும். என் தொழில்ல நான் பார்க்காத கூத்தில்ல. துணி, பாலிதீன், தலைமுடி, சூயிங்கம், எல்லாம் பார்த்தாச்சு. குழாய்க்குக் கெங்கே கட்டு கட்டின ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். முடிச்சு மட்டும் அழகா இருக்கு, அதை ஒத்துக்கறேன்.

அட்ஜெலே: கிண்டல் பண்ணாதீங்க.

ஒபொடாய்: கிண்டலா? எனக்கு அழுகை வருது! புதுசாப் போட்டா அரை மணி நேர வேலை இது. யாரோ ரிப்பேர் பண்ணினதைப் பிரிச்சு எடுக்கறதுலதான் என் ஆயுசு பூராப் போகுது! வரட்டும், சோவாகிட்ட நேர்ல நாலு கேள்வி கேக்காம இன்னைக்கு நான் போகப் போறதில்ல. எத்தனை மணிக்கு வருவார்?

அட்ஜெலே: லேட்டாகும்.

ஒபொடாய்: உக்காந்திருக்கேன்.

அட்ஜெலே: ரொம்ப லேட்டாகும்.

ஒபொடாய்: நாளைக்கு விடியக்காலம் வந்துதானே ஆகணும்? பேத்திக்குப் பேர் வைக்கிறப்ப தாத்தா நிக்க வேணாமா?

அட்ஜெலே: வருவார். வராம எங்க போவார்... அந்தக் கடைசிக் கட்டை நான் அவுக்கிறேன், நீங்க விடுங்க.

ஒபொடாய்: ஏன்? இருங்க. வெள்ளைத்துணியா இது? நல்ல துணியா இருக்கே. ஓரத்துல நீலக்கரை...

அட்ஜெலே: பழசு. கிழிசல்.

ஒபொடாய்: பழசு இல்ல. இந்தத் துணி எனக்குத் தெரியும். உங்க மகன் ஆயிட்டே கல்யாணத்துக்கு சோவா தோள்ல போட்டுக்கிட்டு வந்த துணி இது. ஃபோட்டோவுல என் பக்கத்துல நிக்கிறார், இதைப் போட்டுக்கிட்டு. நாளைக்கு எல்லாரும் வெள்ளை உடுத்தணும். தன்னோட விசேஷத் துணியை ஒரு மனுஷன் பட்டை பட்டையாக் கிழிச்சு, டேங்க்குக்குக் கீழ கட்டுவானா? நாளைக்கு எதைப் போட்டுக்கிட்டு வருவார் சம்பந்தியம்மா?

அட்ஜெலே: வேற இருக்கு.

ஒபொடாய்: எங்க?

அட்ஜெலே: உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?

ஒபொடாய்: நான் ஒண்ணும்...

அட்ஜெலே: நான்தான் கிழிச்சேன். போதுமா? டியூபு, சோப்பு, அடுப்புல காட்டினது, எல்லாம் நான்தான். அவருக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. வால்வு எந்தப் பக்கம் திருகணும்னுகூடத் தெரியாது.

ஒபொடாய்: அப்ப அவர் எங்க?

அட்ஜெலே: போயிட்டார். மழைக்காலத்துக்கு முன்னாடியே. இந்தத் துணியைக்கூட எடுத்துக்கல. ஒவ்வொரு தடவை குழாய் ஒழுகறப்பவும் ஒரு பட்டை கிழிச்சேன்... சத்தியமாச் சொல்றேன், நல்லாத்தான் இருந்துச்சு, கிழிக்கறதுக்கு.

ஒபொடாய்: ஆயிட்டேக்குத் தெரியுமா?

அட்ஜெலே: அப்பா ராத்திரிக் கடலுக்குப் போறார், நேரங்கழிச்சு வர்றார்னு சொல்லி வச்சிருக்கேன். உங்களைக் கூப்பிட்டிருந்தா நீங்க அவர் எங்கேன்னு கேப்பீங்க. அதனாலதான் இவ்வளவு நாள் கூப்பிடல. ஒழுகுதேன்னு டெடே கேட்டா, அவர் ரிப்பேர் பண்ணிட்டார்னு சொல்வேன். மோசமாப் பண்ணியிருக்கானே என் தம்பின்னு சிரிப்பா. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன். வீட்டுல ஆம்பளை இருக்கான்னு நம்பினாப் போதும் எனக்கு.

ஒபொடாய்: எல்லாப் பக்கத்துலயும் ஒழுகவிட்டு ஒரு புருஷனைக் காப்பாத்தியிருக்கீங்க.

அட்ஜெலே: இப்ப நீங்க போய்ச் சொல்லுவீங்க. புருஷன் விட்டுட்டுப் போனவ கையில எப்படிப் பிள்ளையைக் கொடுக்கறதும்பாங்க. டெடே தூக்குவா. நான் வாசல்ல நின்னு பார்ப்பேன். தலையில எழுதியிருந்தா என்ன பண்றது... அந்தப் பசையைத் தடவி ஒட்டிட்டுக் கிளம்புங்க சம்பந்தி. தண்ணியாவது வரட்டும்.

ஒபொடாய்: ஒட்டிட்டேன். காயணும், தொடாதீங்க. தொடாதீங்கன்னா தொடக் கூடாது, சோப்புப் போடவும் கூடாது.

அட்ஜெலே: சரி.

ஒபொடாய்: நான் ஒண்ணு சொல்லவா? போன மாசம் அடா ஊர்ல ஒரு அம்மா வீட்டுக்குப் பைப் போடப் போனேன். குளிக்கிற ரூம்லேருந்து துண்டோட வந்து, "தண்ணி எப்ப வரும்?"னு ஒருத்தர் கேட்டார். திரும்பிப் பார்த்தா, சோவா. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல.

அட்ஜெலே: ...தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் "கூப்பிடுங்க அவரை, கூப்பிடுங்க அவரை"ன்னீங்க?

ஒபொடாய்: உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாதே. நானா போட்டு உடைச்சா நல்லா இருக்குமா? ஆனா குழாயைப் பத்திக் கத்தினது நிஜம். அதுல நடிப்பே இல்ல.

அட்ஜெலே: அவமானமா இருக்கு... சாயங்காலம் அவங்களுக்கெல்லாம் என்ன சொல்லப் போறீங்க?

ஒபொடாய்: சாயங்காலம் பேச ஒண்ணுமில்ல. நேத்தே எங்க வீட்டுல கூடிப் பேசி முடிச்சாச்சு. நீங்கதான் தூக்கறீங்க.

அட்ஜெலே: விஷயம் தெரிஞ்சா அவங்க மாத்திடுவாங்க.

ஒபொடாய்: தெரிஞ்சுதான் பேசினாங்க.

அட்ஜெலே: நீங்க சொன்னீங்களா?

ஒபொடாய்: நான் வாயே திறக்கல. உங்க மருமக கோஷிதான் சபையில எழுந்து நின்னா. "நான் மாசமா அங்க இருந்தப்ப, அத்தை தினமும் மாமாவுக்குன்னு ஒரு தட்டு எடுத்து வைப்பாங்க. எல்லாரும் தூங்கினதும் அதைக் கோழிக்குக் கொட்டுவாங்க. நான் வயித்துப் பிள்ளையோட கவலைப்படக் கூடாதுன்னு ஒரு நாளும் முகத்துல காட்டல. அந்தக் குணம்தான் என் பிள்ளைக்கு வரணும்"னு சொன்னா. அப்புறம் என்னைப் பார்த்து, "மாமா, நாளைக்கு முதல் வேலையா அவங்க குழாயைப் போய்ப் பாருங்க, கூப்பிட அவங்களுக்கு வாய் வராது"ன்னா. நான் கிளம்பி உங்க தெருமுனைக்கு வந்தப்பதான் நீங்களே ஃபோன் பண்ணினீங்க.