ஏரிக்கரைச் சாலைக்கு முன்னால் ஒரு வாய்க்கால்

மேடையில் வீற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, சாலைத் துறை, மின் துறைப் பெரியவர்களே, வீடு கட்டுவோர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் ஏரிக்கரைக் குடியிருப்பு மக்களே! வடிகால் பொறியாளனின் கனத்த வணக்கம்.

இந்த அரங்குக்குள் நுழைந்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் நகரத் திட்ட அலுவலர் அம்மையார் உயிரோடு இருந்தபோது, அவர் கூட்டிய கூட்டத்துக்கு என்றைக்காவது இத்தனை துறைத் தலைவர்கள் நேரத்துக்கு வந்தீர்களா? ஒருவருக்கு வயிற்று வலி, ஒருவருக்கு மாமனார் வருகை, இன்னொருவருக்கு வண்டி பழுது! இன்று மட்டும் எல்லோருடைய வயிறும் வண்டியும் சரியாகிவிட்டன. துக்கம்தான் காரணம் என்றால் கைகூப்புகிறேன். வேறு காரணமும் இருந்தால், கேட்காமல் இறங்க மாட்டேன்.

அலுவலகத்தில் அவருக்கு ‘முடிச்சம்மா’ என்று பெயர். அன்பாகச் சொன்னவர்களும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. நான் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறேன். ஒரு துறையை இன்னொரு துறையோடு முடிச்சுப் போட்டுவிடுவார். அவிழ்த்துக்கொண்டு ஓட முடியாது.

நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்றால் நமக்கெல்லாம் என்ன? இங்கே வீடு, இங்கே பள்ளி, இங்கே பூங்கா என்று வரைபடத்தில் நிறம் பூசி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவது. அத்தோடு வேலை முடிந்தது! மஞ்சள் பூசிய இடத்தில் வீடு தானாக முளைக்குமா? நீலம் பூசிய இடத்துக்குத் தண்ணீர் வழி கேட்டுக்கொண்டு வந்துவிடுமா? யார் முதலில் தோண்டுவது, யார் காத்திருப்பது, யார் மூடுவது? இதைப் பேசாத திட்டம் சுவருக்கு அழகு, அவ்வளவுதான். அம்மையார் இதைத்தான் பேச வைத்தார்.

அவர் கூட்டங்களில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. யாரும் தன் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. “உங்க வேலை உங்களுக்குத் தெரியும் சார். பக்கத்து நாற்காலிக்காரர் வேலையைச் சொல்லுங்க. அவருக்கு உங்ககிட்ட இருந்து என்ன வேணும்?” என்பார். முதல் கூட்டத்தில் மின் துறைக்காரர் என் வடிகாலைப் பற்றி விளக்கினார். அவர் சொன்னபடி கட்டியிருந்தால் தண்ணீர் மேட்டை நோக்கி ஏறியிருக்கும்! எல்லோரும் சிரித்தோம். அம்மையார் சிரிக்கவில்லை. “இவர் கம்பம் நடப் போறது உங்க வாய்க்கால் மேலதான். இப்ப சிரிங்க” என்றார்.

எல்லோரும் சட்டென்று தலையாட்டினாலும் விட மாட்டார். “இவ்வளவு சீக்கிரம் சம்மதமா? அப்ப யாரும் படிக்கலை” என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பள்ளியைப் பாருங்கள். திறந்த அன்றே குழாயில் தண்ணீர், வாசலில் சாலை, தெருவில் விளக்கு! போட்ட சாலையை மறுபடி யாரும் கொத்தவில்லை. நம் ஊரில் இது அதிசயமா இல்லையா?

அவர் முடிக்காமல் போனது ஏரிக்கரை. மழை பெய்தால் அங்கே கட்டிலுக்கு அடியில் தண்ணீர். முதலில் வடிகால், பிறகு மின்கம்பம், கடைசியில்தான் உயரமான சாலை. எல்லாத் துறையும் ஏற்றுக்கொண்ட வரிசை இது. சாலையை முதலில் போட்டால் என்ன ஆகும்? அது அணை மாதிரி மறித்து நிற்கும். இந்தப் பக்கம் வீடுகள் மூழ்கும். அந்தப் பக்கம் விற்பனைக்குக் காத்திருக்கும் மனைகளுக்குக் கார் வழுக்கிக்கொண்டு போகும்.

இன்று காலை நகரமன்றத் தலைவர் அலுவலகத்திலிருந்து அம்மையாரின் கணவருக்கு அழைப்பு. ஏரிக்கரைச் சாலைக்கு அம்மையாரின் பெயராம்! அடுத்த வாரமே சாலை வேலை தொடக்கமாம்! இந்த மேடையிலேயே அறிவிப்பாம்! குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதுமாம்! கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் உடனே என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, வாய்க்கால் வெட்டியாச்சா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் எப்படிப்பா ரோடு? சாப்பிட உட்கார்ந்தா இதைத்தானே சொல்லுவா. எனக்கே மனப்பாடம்.”

தலைவர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உயிரோடு இருந்தவரை அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்களுக்கு, இன்று அந்தப் பெயர் எதற்கு? அவர் பெயர் போட்ட சாலையை யார் எதிர்க்க முடியும்? எதிர்ப்பவன் இறந்தவரை அவமதித்தவன் ஆகிவிடுவானே! அவரை வைத்தே அவர் திட்டத்தை மூடப் பார்க்கிறீர்களோ? என் சந்தேகம் தப்பு என்றால் என்னைவிட மகிழ்கிறவன் யாரும் இருக்க மாட்டான்.

அவர் இல்லாத அலுவலகம் எனக்குப் பயமாக இருக்கிறது. அழவும் நேரமில்லாமல் ஆக்கிவிட்டீர்களே என்று ஆத்திரமாகவும் இருக்கிறது. அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன்: வடிகால் வெட்டி முடியும்வரை அந்தச் சாலைக்கு என் துறையின் ஒப்புதல் கிடையாது.

அவர் கணவர் கடைசியாகச் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்லிவிடுகிறேன்.

“பேரு வைக்கணும்னா அந்த வாய்க்காலுக்கு வைக்கச் சொல்லு.”

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. “அண்ணே, அதுல சாக்கடைத் தண்ணியும் போகும்.”

“தெரியும்ப்பா. போகட்டும். வீட்டுக்குள்ள வராம போனா சரி.”

குடும்பத்தின் சம்மதம் கேட்டீர்கள் அல்லவா, தலைவர் அவர்களே? இதுதான் அந்தச் சம்மதம். ஒலிபெருக்கியை உங்களிடம் தருகிறேன், அறிவியுங்கள். நான் நின்றுகொண்டே கேட்கிறேன்.