பெட்டி கேட்ட கம்யூனிட்டி

கொட்டச்சேடு பஸ்ஸில், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருத்தர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, எஸ்டேட் ஆபீஸ் கணக்கரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ரைட்டர், நெட் ஏன் இழுக்குதுன்னு அந்த ரவுட்டர் பொட்டிகிட்டயே கேட்டுப் பாத்துரலாம். நான் சொன்ன கமாண்டை அடிச்சு, கூடவே கம்யூனிட்டியும் போடுங்க... ஐயோ, உங்க சாதி இல்லீங்க!"

அவர் பக்கத்தில் ஆரஞ்சுப் பையோடு இருந்த அம்மா திரும்பினார். "ஏங் கண்ணு, பொட்டி கூடவா சாதி கேக்குது?"

"அது பாஸ்வேர்டு மாதிரிங்கம்மா. 'பப்ளிக்'னு போட்டாப் போதும், கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லும்."

"பரவால்லையே! கோளாறையும் சரி பண்ணிக்கலாமா?"

"முடியாதுங்க. பப்ளிக்னா பாக்கத்தான் முடியும். மாத்தோணும்னா 'பிரைவேட்'னு போடோணும்."

"அதானே! எங்கூரு ரோட்டை நாங்களும் நொம்ப நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறோம்."