பொலிக்சேனி அம்மையாரும் வாய் மூடிய வாத்தியங்களும்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் ஹ்ரிஸான்தோஸ் அவர்களே, ஆசி வழங்க வந்திருக்கும் தந்தை நெக்தாரியோஸ் அவர்களே, மறைந்த அம்மையாரின் கணவர் தியமாந்திஸ் அவர்களே, அண்ணன் ஆர்கிரிஸ் அவர்களே, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நீலக் காப்பிக்கடை நண்பர்களே, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பச்சைக் காப்பிக்கடை நண்பர்களே! எந்தக் கடையை முதலில் சொன்னேன் என்று யாரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டாம். எது முதலில் வாயில் வந்ததோ அதைச் சொன்னேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். நான் ஸ்டமாதிஸ், நம் பெத்ரோவ்ரிஸி ஊர் வாத்தியக் குழுவின் தலைவன். எனக்கு ஊதத் தெரியும், பேசத் தெரியாது. ஆனால் கலைமகளிர் விழாக் குழுவின் தலைவி, மருந்தாளுநர், திருமதி பொலிக்சேனி மாந்தா அவர்கள் இன்று இல்லை. அவர் இருந்திருந்தால் என்னைப் பேச விட்டிருக்கவே மாட்டார். அதனால்தான் துணிந்து எழுந்துவிட்டேன்.

இது இரங்கல் கூட்டம். தலை குனிந்து, குரல் இறக்கிப் பேச வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நண்பர்களே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்றிருக்கிறது. வருகிற சனிக்கிழமை என்ன நாள்? நம் மலைச்சரிவில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும் அந்தப் பழைய கல் அரங்கில், நம் தாத்தாக்கள் காலத்துக்குப் பிறகு, போர் வந்து மூடிய பிறகு, முதன்முறையாக, கலைகளின் தெய்வங்களான ஒன்பது கன்னியருக்கு நம் முன்னோர் எடுத்த கலைமகளிர் விழா நடக்க வேண்டிய நாள். அந்த நாளுக்காகத்தான் அந்த அம்மையார் வாழ்ந்தார். அந்த நாளைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

எப்படி ஆள் சேர்த்தார் அவர்? உங்களில் எத்தனை பேர் தொண்டைக் கட்டு என்று மருந்துக்கடைக்குப் போய் மாட்டிக்கொண்டீர்கள்? நானே ஒருநாள் அங்கே நின்று பார்த்தேன். மீன் விற்கிற லாம்ப்ரோஸ் இருமிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வாயைத் திற. ஆ சொல்லு" என்றார் அம்மையார்.

"ஆ."

"இன்னும் நீளமா. இழுத்துச் சொல்லு."

"ஆஆஆ... எதுக்கும்மா இவ்வளவு நீளம்?"

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல. நல்ல கனத்த குரல். ஞாயித்துக்கிழமை அரங்குக்கு வந்துடு."

"மருந்து?"

"அங்க வந்து வாங்கிக்க."

இப்படித்தான் பாடற்குழுவுக்குப் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். நம் முன்னோரின் நாடகத்தில் பாடற்குழு பதினைந்து பேர் என்றால் இவருக்கும் பதினைந்து. ஒருவர் குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். நீலத்தில் பாதி, பச்சையில் பாதி. மீதி இருக்கிற அந்த ஒற்றை ஆள் எந்தப் பக்கம் என்று இரண்டு கடையிலும் பெரிய ஆராய்ச்சி நடந்தது. அம்மையார் நம் பாதிரியார் நெக்தாரியோஸையே கொண்டுவந்து நிறுத்தினார்! சிரிக்கிறீர்களே தந்தையே. முதலில் நீங்கள்தான் பழைய தெய்வங்களின் விழா நமக்கெதற்கு என்றீர்கள். கோயிலில் பாடும் அதே தொண்டைதானே என்று அவர் கேட்டார். மறு ஞாயிறே வந்து நின்றீர்கள்.

நம் நகரத் தலைவருக்கும் ஒரு நினைவு இருக்கும். விழாவின் ஓட்டப் பந்தயத்தில் வெல்பவனுக்கு வெள்ளிக் கோப்பை கொடுக்கலாம் என்றார், பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார்.

"கோப்பை வேணும்னா உங்க வீட்டு அலமாரியில நிறைய இருக்கு, போய்ப் பாத்துக்கங்க" என்றார் அம்மையார். "இங்க ஆலிவ் இலைதான்."

"இலை வாடிப் போயிடுமேம்மா."

"வாடணும். வாடினாத்தான் அடுத்த வருஷம் மறுபடி ஓடுவான். கோப்பை வாங்கினவன் வீட்ல உக்காந்து அதையே துடைச்சிக்கிட்டிருப்பான்."

பாட்டும் ஓட்டமும் ஒரே திடலில், வென்றவனுக்கு வெறும் இலை, விழா நாட்களில் பகைவர்களுக்குள்ளும் சண்டையில்லை. இதுதானே நம் முன்னோர் கண்ட விழா? இந்த மூன்றாவதற்காகத்தான் அந்த அம்மையார் மற்ற இரண்டையும் நடத்தினார் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன், சம்பந்தப்பட்ட இருவரும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் காப்பிக்கடையின் நிறம்தான் கட்சியின் நிறம். ஒரு தேர்தலில் பச்சைக் கட்சி வென்றது. பச்சைக்காரரான தியமாந்திஸ் எங்கிருந்தோ ஒரு மத்தளத்தைத் தூக்கி வந்து நீலக்காரரான ஆர்கிரிஸ் வீட்டு வாசலில் போட்டு அடி அடியென்று அடித்தார். மறுநாள் ஆர்கிரிஸ், இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் படர்ந்திருந்த திராட்சைக் கொடியை அடியோடு வெட்டினார். முடிந்தது பேச்சு! அன்றுமுதல் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஒருவர் கணவர், ஒருவர் அண்ணன். ஈஸ்டர் ஆட்டுக்கறியை இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் சமைத்து, இரண்டு மேசையிலும் உட்கார்ந்து, இரண்டிலும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டவர் பொலிக்சேனி. எத்தனை ஈஸ்டர்! அந்தச் சிரிப்பு எவ்வளவு கனம் என்று யாராவது கேட்டோமா?

பாடற்குழு வட்டமாகக் கைகோத்து ஆட வேண்டும். அம்மையார் உயரப்படி நிறுத்துகிறேன் என்று சொல்லி, இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். தியமாந்திஸ் நெட்டை, ஆர்கிரிஸ் குட்டை. இது எந்த உயரக் கணக்கு என்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் துணிவில்லை. இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வட்டம் லாடம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அம்மையார் கோபப்படவில்லை. சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். நம் ஆட்டத்தில் வரிசையை இழுத்துச் செல்லும் முதலாள் கையில் பிடிக்கிறானே, அதே மாதிரி. "கையைத் தொட வேண்டாம். துணியைத் தொடலாமில்ல?" என்று ஆளுக்கொரு முனையைக் கொடுத்தார். வட்டம் மூடியது.

ஒவ்வொரு ஞாயிறும் அதைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவருவார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மடிப்புக் கூடும். ஒருநாள் தியமாந்திஸ் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, இந்தத் துணி ஏன் சின்னதாயிக்கிட்டே போகுது?"

"துவைச்சாச் சுருங்கும்."

"இவ்வளவா?"

"மலிவான துணி. ஆடு, ஆடு. தாளம் போகுது பார்."

விழா நெருங்கியதால் கடந்த வெள்ளிக்கிழமை கூடுதலாக வைத்த ஒத்திகையில் அந்தத் துணி இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. நான் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மையாரும் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போய் மருந்துக்கடையின் பூட்டைத் திறந்தவர், வாசற்படியிலேயே சாய்ந்துவிட்டார். அந்த நல்ல இதயம் அதோடு நின்றுவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாவு வீட்டார் வாய்திறந்து சொல்லாமல், நாற்பது நாளைக்கு இந்த ஊரில் எந்த வாத்தியமும் வாய் திறக்காது. அது நம் வழக்கம். அதை நான் மீற மாட்டேன். என் குழுவின் கருவிகள் எல்லாம் உறைக்குள் இருக்கின்றன. நகரத் தலைவர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அடுத்த ஆண்டா? இலையுதிர் காலத்தில் தேர்தல் வருகிறதே ஐயா! பச்சை வென்றாலும் நீலம் வென்றாலும் மறுநாள் யார் வீட்டு வாசலிலாவது மத்தளம் கேட்கும். அதற்குப் பிறகு பதினைந்து பேரை எந்தத் தொண்டை வலி ஒன்றுசேர்க்கும்? இந்தச் சனிக்கிழமை நடக்காவிட்டால் இந்த விழா இனி நடக்காது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் அடக்கம் முடிந்து எல்லோரும் கசப்புக் காப்பியும் பிராந்தியும் குடித்துக்கொண்டிருந்தபோது நான் ஆர்கிரிஸிடம் போனேன். "சனிக்கிழமை ஊதலாமா அண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல. அவன் சரின்னா சரி. ஆனா நான் அவனைக் கேக்க மாட்டேன்" என்றார்.

தியமாந்திஸிடம் போனேன். "எனக்கென்ன, அவ ஆசைதானே. அவரு சரின்னாச் சரி. நான் போய்க் கேப்பேன்னு மட்டும் நினைக்காத" என்றார்.

கேட்டீர்களா சபையோரே? இருவருக்கும் சம்மதம். இருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு பெண் இத்தனை ஆண்டு நடுவில் நின்று இந்த வாய்க்கும் அந்த வாய்க்கும் பாலம் போட்டார். இப்போது அந்தப் பாலத்தை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். இனி நடுவில் நிற்க ஆள் கிடையாது. நான் நிற்க மாட்டேன். தந்தையும் நிற்கக் கூடாது.

ஆகவே இந்த மேடையிலிருந்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்கிறேன். சாவு வீட்டார் அனுமதி தருகிறீர்களா? தருவதானால் எழுந்து நில்லுங்கள். இருவரும் நிற்க வேண்டும். ஒருவர் நின்றால் போதாது.

...

தியமாந்திஸ் எழுந்துவிட்டார். நன்றி ஐயா. கைதட்ட வேண்டாம், யாரும் கைதட்ட வேண்டாம். ஆர்கிரிஸ் உட்கார்ந்திருக்கிறார். நாம் பொறுத்திருப்போம். எனக்கு வேறு வேலை இல்லை.

தியமாந்திஸ், எங்கே போகிறீர்கள்? நடைபாதையைத் தாண்டி... இடப்பக்கம் போகிறார்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "எந்திரி மச்சான். முட்டி வலிச்சா என் கையைப் பிடிச்சுக்க" என்றார். மச்சான் என்றார். நான் சரியாகத்தான் கேட்டேனா? தந்தையே, நீங்களும் கேட்டீர்கள்தானே?

ஆர்கிரிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்துவிட்டார். இருவரும் நிற்கிறார்கள்.

நண்பர்களே, விழா சனிக்கிழமை நடக்கும். பாடற்குழு பதினைந்து பேரும் ஆடுவார்கள், ஓடுகிறவர்கள் ஓடுவார்கள், வென்றவன் தலையில் ஆலிவ் இலை ஏறும். வாடியதும் அடுத்த ஆண்டும் நடக்கும், அதற்கடுத்த ஆண்டும் நடக்கும். பொலிக்சேனி மாந்தா அம்மையாரின் பெயரால் நான் இந்தச் சபையில் சத்தியம் செய்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

என் குழுவினரே, கருவிகளை உறையிலிருந்து எடுங்கள். இங்கிருந்து நேராக அரங்குக்குப் போகிறோம், ஒத்திகை பாக்கி இருக்கிறது. அழுகிறவர்கள் அழுதுகொண்டே ஊதலாம், சுருதி மட்டும் பிசகக் கூடாது.