ஜட்டி போட்ட ரிமோட்

மண்ணரையிலிருந்து வந்த காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“எங்கூட்டுக்காரரு புது ரிமோட்டுக்கு ஜட்டி தெச்சுப் போட்டுட்டாருங்க்கா.”

“ஜட்டியா?”

“டிவி, படம் போடற டெக்கு ரெண்டுக்கும் ஒரே ரிமோட்டுங்க்கா, டிவி கம்பெனிக்குன்னு இருக்கற நம்பரை அதுல போட்டாத்தான் வேலை செய்யும். தூசி படக்கூடாதுன்னு கம்பெனி வேஸ்ட் துணியில எலாஸ்டிக் வெச்சு, முன்னால லைட்டு இருக்கற மூஞ்சி வரைக்கும் மூடிட்டாரு. அப்புறம் எங்க டிவிக்குண்டான நம்பரைப் போட்டா எதுவும் புடிக்கல. ஞாயித்துக்கெழம பூரா மாத்தி மாத்தி அமுத்துனாரு.”

“மூஞ்சிய மூடுனா எப்புடி அம்மிணி புடிக்கும்? கழட்டச் சொல்றதுதான?”

“எனக்கும் அப்பத் தெரியாதுங்க்கா. தொவைக்கலாமுன்னு கழட்டுனேன், புடிச்சுருச்சு. கடைசியாப் போட்ட நம்பருதான் சரின்னு தெருப்பூரா சொல்லிட்டு வந்தாரு. அன்னைக்கு என்னை ஒரு நாடகம் முழுசாப் பாக்க வுடலீங்க்கா. அதுல ஒருத்தி வாய் தொறக்கறதுக்குள்ள சேனலை மாத்திப்போடறாரு.”

“அப்புறம்?”

“ஜட்டி காஞ்சுதுங்க்கா. எடுத்து மாட்டி வுட்டுட்டேன். இப்ப அவரு மூலையில உக்காந்து நம்பரு தேடறாரு. நான் டிவியில இருக்கற பட்டனையே அமுத்திப்போட்டு நாடகம் பாக்கறேன்.”

மூத்தவள் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இறங்க எழுந்தாள்.

“எத்தனை அழுக்கானாலும் தொவைச்சுப்போடாத அம்மிணி.”