காசு கிடைத்த இடம்

தேநீர் நன்றாக இருக்கிறது, சார். பீர்மேட்டைச் சுற்றி இவ்வளவு தேயிலை விளைகிறது, ஆனாலும் நல்ல தேநீருக்குக் கடை தேடி அலைய வேண்டியிருக்கிறது. நல்ல தூளெல்லாம் மலையிறங்கிப் போய்விடும். இங்கே மிஞ்சுவது பொடிதான்.

என் பெயர் எப்சிபா. எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். மிளகு வாங்க வந்த ரோமானியர்களின் பழைய வணிகப் பாதை எங்கள் காட்டு வழியாகத்தான் கம்பத்துக்கு இறங்கியது என்பது என் முடிவு. மூன்று கட்டுரைகள் எழுதினேன். எர்ணாகுளத்தில் ஒரு கருத்தரங்கில் வாசித்தபோது முன்வரிசையில் இருந்த பேராசிரியர், "ஆதாரம் எங்கே டீச்சர், தொழிலாளர் லயத்திலா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சங்கையா எஸ்டேட்டில் குழாய் வேலை பார்த்தவர். மண்ணுக்குள் புதைந்த இரும்புக் குழாய்களைத் தேட அவரிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருந்தது. நான் கேட்டேன், அவர் மறுக்கவில்லை. அவர் மகள் மௌனிகா என்னிடம் படித்தவள். அந்த நன்றிக்காக நான்கு வருடம், ஞாயிறுதோறும், என்னோடு காட்டுக்கு வந்தார். எனக்கு மூட்டுவலி என்பதால் என் பையையும் அவரே சுமந்தார். ஆணி, லாடம், உடைந்த கவாத்துக் கத்தி. அவ்வளவுதான் கிடைத்தது.

ஜூன் மாதம் நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு ஞாயிறன்று அவர் தனியாகப் போனார். மாலையில் வந்து கட்டிலருகே நின்று உள்ளங்கையை விரித்தார். வெள்ளிக்காசு. இலைமுடி சூடிய ஒரு தலை, சுற்றிலும் லத்தீன் எழுத்து. நான் அழுதேன், சார்.

"கெடச்சிருச்சு டீச்சர். இனிமே ஒருத்தனும் சிரிக்க மாட்டான்" என்றார்.

பிறகு துருப்பிடித்த ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார். காசு அதற்குள்தான் இருந்ததாம், கூடவே ஒரு பித்தளைக் கோட்டுப் பொத்தானும். மூடியைத் துடைத்துப் பார்த்தேன். லண்டன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஊரிலிருந்து ஆசைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த காசு. என் பாதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அந்த டப்பா சொன்னது.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. காசு, பொத்தான், டப்பா மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். காசைப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வருவதாகவும், கண்டெடுத்தவர் உடன் இருக்க வேண்டும் என்றும் பதில் வந்தது.

"டப்பாவப் பத்திப் பேச வேண்டாம் சங்கையா. வெறும் மண்ணுல கெடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "கெடச்சதக் கெடச்ச மாதிரிதான டீச்சர் எழுதணும்? எம்மகளுக்கு நீங்கதான அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் இடத்தைக் காட்ட என்னைக் கூட்டிப்போனார். கிராண்டிஸ் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே ஒரு பள்ளம். உண்ணிச்செடி மூடிய பழைய துரை பங்களாவின் அடித்தளம். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று சங்கையா கல்சுவருக்கு அடியில் குந்திச் சுரண்டினார். மழையில் ஊறியிருந்த சுவர் அவர்மேல் சரிந்தது. இடுப்புக்குக் கீழே முழுவதும் கல். அந்தச் சுவரை நான் தொடவில்லை. அது சத்தியம்.

அவருக்கு நினைவு இருந்தது. "டீச்சர், இங்க டவர் கெடைக்காது. மேட்டுக்கு ஏறி ஆபீசுக்குப் போன் போடுங்க. பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். எனக்குத் தைரியம் சொன்னார்.

மேட்டுக்கு ஏறினேன். டவர் நன்றாகக் கிடைத்தது. நீங்கள் கேட்கும் அழைப்பு அதுதான். பதினொன்று நாற்பதுக்கு, பன்னிரண்டு நிமிடம். தொல்லியல் துறை அதிகாரியிடம் பேசினேன். காசு மூன்றடி ஆழத்தில், வெறும் மண்ணில், என் கட்டுரையில் குறித்த இடத்திலேயே கிடைத்தது, கண்டெடுத்தவள் நான் என்றேன். அவர் வாழ்த்தினார். எழுத்துக்கூட்டிக் கேட்டு என் பெயரைக் குறித்துக்கொண்டார்.

கீழேயிருந்து "டீச்சர்" என்று இரண்டு முறை கேட்டது. நான் மறுபக்க வழியாக இறங்கினேன். அந்தப் பக்கம் சரிவு குறைவு.

சாயங்காலம் அவர் மனைவி பேச்சித்தாய் வந்தார். "அவரு ஒங்ககூடத்தான வந்தாரு டீச்சர்?"

"பாதியிலயே குமுளிக்குப் போறேன்னு எறங்கிட்டாரே" என்றேன். நம்பினார். நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அதிகாரி வந்து காசைப் பார்த்தார். என்னைப் படம் எடுத்தார். பிற்பகலில் ஊரார் தேடக் கிளம்பியபோது நானும் போனேன். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த மேற்குச் சரிவைக் காட்டினேன். முடியாத உடம்போடு வந்திருக்கிறேன் என்று யாரோ எனக்குக் குடை பிடித்தார்கள். புதன்கிழமை மதியம் காவலாளி ஜோமோன்தான் அவரைக் கண்டுபிடித்தது.

செவ்வாய்க்கிழமை மதியம்வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தது. சீக்கிரமே முடிந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டப்பாவையும் பொத்தானையும் பழைய இரும்பு வாங்குபவரிடம் போட்டுவிட்டேன். இனி அது கிடைக்காது.

சங்கையாவைச் சாகவிட்டது நான்தான். கொன்றது என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டப்பாவைப் பற்றி நான் சொன்ன வரிகளை மட்டும் அடித்துவிடுங்கள், சார். அவர் குழாய் வேலை பார்த்த மனிதர், வரலாறு படித்தவர் இல்லை. எங்கேயோ கிடந்த டப்பாவில் காசைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருப்பார். காசு மண்ணில்தான் கிடந்தது.