இனி மருந்து எழுதப்போவது யார்?

மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் டாக்டர் ஓஜேரா அவர்களே, பாதிரியார் அவர்களே, லாமுனுவைப் பெற்ற தாயே, மனநலப் பிரிவின் நர்சுகளே, மாமர நிழல் போதாமல் வெயிலில் நிற்கும் உறவுகளே! உங்களை வாழ்த்தித் தொடங்க எனக்கு வாய் வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். மனநோயாளியான ஓயாத்தின் அண்ணன்.

நர்ஸ் லாமுனு எவ்லின் போய்விட்டார்! வெளியூர் நோயாளிகளைப் பார்த்துத் திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் கவிழ்ந்து போய்விட்டார்! டாக்டர் இங்கே மாதம் ஒருமுறைதான் வருவார். அதுவரை மனம் கலங்கியவனைக் காத்திரு என்றால் காத்திருப்பானா? அதனால்தான் டாக்டர் நர்சுகளுக்கு மருந்து எழுதக் கற்றுக்கொடுத்தார். எழுத வைத்தார், திருத்தினார், பிறகே தனியாக எழுத அனுமதித்தார். தேறியவர்கள் இருவர். ஒருவர் லாமுனு. இன்னொருவர் ஓபிரா, அதோ கடைசியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான்.

லாமுனு எப்படிப்பட்டவர் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓபிரா எழுதிய மாத்திரையில் என் தம்பி காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் மருந்தின் பக்கவிளைவாகக் கை இறுகியது. அது விதைப்புக் காலம். நாம்தான் வரிசை கட்டி ஒவ்வொருவர் நிலமாகக் கொத்துவோமே, பின்தங்குகிறவனை விட்டுவைப்போமா?

"என்னடா ஓயாத், மண்ணைக் கொத்துறியா, தடவிக் கொடுக்கிறியா?"

அவனைக் கேலி செய்து பாட்டே கட்டிவிட்டார்கள். அவன் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினான். குரல்கள் திரும்பின. மருந்து போதவில்லை என்று நினைத்த ஓபிரா அளவைக் கூட்டினார். இந்த முறை அவன் மனைவி பக்கத்தில் நின்று விழுங்க வைத்தாள். மறுநாளே அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது.

லாமுனு அந்த மருந்தின் விளைவை முறிக்கும் ஊசி போட்டார். கழுத்து நேரானதும் கேட்டார்: "தம்பி, கொத்துற வரிசையில நீ எத்தனாவது ஆளு?"

அவன் அழுதுகொண்டே, கேலி பொறுக்காமல் மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னான். டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து அளவைக் குறைத்தார்கள். அதோடு விட்டாரா லாமுனு? நேராக வயலுக்கே போனார்!

"அவன் மாத்திரை சாப்பிடுறான், அதான் மெதுவாக் கொத்துறான். பாடித்தான் ஆகணும்னா என்னைப் பத்திப் பாடுங்கடா. இந்தப் பெருத்த இடுப்புக்கே நாலு வரி தேறும்!"

சிரிக்கிறீர்கள். அழுதுகொண்டே சிரிக்கிறீர்கள். அன்றும் வயல் இப்படித்தான் சிரித்தது. என் தம்பியும் சிரித்தான்.

ஓபிரா மட்டும் அன்றிலிருந்து மருந்து எழுதவே இல்லை. "தப்புப் பண்ணின கையை வெட்டிரலாம்னா எனக்கு ரெண்டு கையுமே இருக்காதேடா" என்று லாமுனு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

இன்று காலை குழியருகே நானும் கேட்டேன். "ஆளை விடுங்க வாத்தியாரையா. அக்கா பக்கத்தில இருந்தப்பவே உங்க தம்பியக் கொல்லப் பார்த்தேன். இப்ப யார் இருக்கா?" என்றார்.

யார் இருக்கிறார்கள்? டாக்டர் இருக்கிறார், கேட்டால் பதில் சொல்ல. நர்சுகள் இருக்கிறார்கள், வீடு வீடாகப் போய்ப் பார்க்க. வயலில் கேலி செய்த இந்த ஊர் இருக்கிறது, இனி வாயை மூடிக்கொள்ள. ஆனால் எழுதுகிற கை? அது உன்னிடம் மட்டும்தானே இருக்கிறது, ஓபிரா! நீ மறுத்தால் இந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? நகரத்துக்கா? பாதிப் பேருக்கு அந்தச் சாலையே தெரியாதே!

தாயே, உங்கள் மகளின் வேலையைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லத்தான் என்னை மேடை ஏற்றினார்கள். என்னால் முடிந்த உறுதி ஒன்றுதான். வரும் வியாழக்கிழமை என் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து ஓபிராவின் மேசை முன்னால் உட்கார வைப்பேன். அவன் கை இறுகினாலும், கழுத்து திருகினாலும், மாத்திரையைத் துப்பினாலும் அன்றைக்கே ஓடி வந்து சொல்வேன்.

ஓபிரா, உன்மேல் கோபப்பட இந்த ஊரில் யாருக்காவது உரிமை உண்டென்றால் அது எனக்குத்தான். நான்தான் கேட்கிறேன். என் தம்பியிடம் மாத்திரை தீரப்போகிறது. மருந்து வருவதற்கு முன்பு நாங்கள் அவனைக் கட்டிப்போட்டுத்தான் வைத்திருந்தோமப்பா. வியாழக்கிழமை வந்துவிடு.