ஆஸ்பத்திரியில் கிடப்பது யார்?

வடசேரியில் இருந்து கிளம்பிய தோவாளை பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள், காலிப் பூக்கூடைகளோடு.

"ஆஸ்பத்திரியில யாரு மக்கா கிடக்கா?" என்று கேட்டாள் மூத்தவள்.

"நான்தான்க்கா" என்றாள் இளையவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் குத்துக்கல்லு மாதிரி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னட்டி சொல்லுக?"

"கிடக்கது தங்கச்சி. அவளுக்குக் காப்பீட்டு அட்டை இல்ல. ஆபரேசனுக்குப் பணத்துக்கு எங்க போக? எனக்க அட்டையைக் காட்டி, எனக்க பேர்லயே சேத்தாச்சு."

"அவளுக்குப் பென்சிலின் ஒத்துக்காதே! முந்தி மூச்சு முட்டிச்சே. சொன்னியளா?"

"சொன்னாளாம். நர்ஸு எனக்க பழைய ஃபைலப் பாத்துட்டு, 'உங்களுக்கு முன்ன போட்டப்ப ஒண்ணும் செய்யலியே'ன்னாவளாம். ஆள்மாறாட்டம் தெரிஞ்சிரும்னு தங்கச்சியும் தலையாட்டிட்டா."

"ஏட்டி, அப்ப அந்த ஊசியப் போட்டிருவாவளே!"

இளையவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கச்சிக்குப் போன் போட்டாள். எடுத்தது நர்ஸ்.

"பேஷண்டுக்கு நீங்க யாரு?" என்ற குரல் எனக்கே கேட்டது.

இளையவள் எழுந்து நின்று கத்தினாள்: "பேஷண்டே நான்தான் மேடம்! அங்க கிடக்கது எனக்க தங்கச்சி! ஊசியப் போட்டுராதீங்க!"